வியர்க்கும் கைக்கு ஏற்ற பிடி

பூல் ஆட்டத்தில் ஓரளவு கை படிந்தபின், கிளப்பில் எல்லோரும் எடுத்தாடும் பொதுக் கியூவை, அதாவது ஆட்டக் கோலை, விட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எழுவது இயற்கை. அவ்வாறு ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்கும் இளைஞர்கள், கியூவின் முன்பாகமான ஷாஃப்ட் என்ன மரம், அதன் நுனியில் உள்ள டிப் எத்தனை மில்லிமீட்டர், எடை 19 அவுன்ஸா 20 அவுன்ஸா என்றெல்லாம் நுணுக்கமாக விசாரிக்கிறார்கள்; பின்கை பற்றும் இடத்தில் சுற்றியிருப்பது நூலா, தோலா, ரப்பரா, அல்லது ஒன்றுமே சுற்றாத வெறும் மரமா என்ற விஷயத்தை மட்டும், எந்த நிறம் பார்க்க அழகாயிருக்கிறது என்ற அளவோடு முடித்துக்கொள்கிறார்கள். என்னுடைய அபிப்பிராயத்தில், புதுக்கோட்டைச் சீமையில் வசித்துக்கொண்டு ஆடுகிற ஒருவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது அந்தக் கைப்பிடியைத்தான். அதற்குக் காரணம் நம் ஊர்ச் சீதோஷ்ணமும், அதில் ஓயாமல் வியர்க்கும் நம் உள்ளங்கையும். இதை நிதானமாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். இப்போதுதான் அவகாசம் வாய்த்தது.

ஊட்டிக் குளிரும் ஊர் வெயிலும்

மேஜைமேல் பந்தைக் கோலால் தள்ளி ஆடும் இந்தக் குடும்பத்து ஆட்டங்களுக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் உள்ள சம்பந்தம் பலருக்கும் தெரிந்ததே. 1875-ஆம் ஆண்டு ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில், பிளாக் பூல் என்ற ஆட்டத்தோடு வேறு நிறப் பந்துகளையும் சேர்த்து ஸ்னூக்கரை உண்டாக்கியவர் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லேன் வேறு ஆசாமி. ஜபல்பூரில் பிறந்த அந்த ஆட்டம், அந்த இளம் அதிகாரி சென்னை ராணுவத்தின் தளபதியாக இருந்த பிரெடெரிக் ராபர்ட்ஸின் பரிவாரத்தில் சேர்ந்து கோடைதோறும் நீலகிரிக்குப் போகத் தொடங்கியபின் உதகமண்டலத்தில் வேரூன்றியது. 1882-இல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் அதன் விதிகள் வகுக்கப்பட்டுச் சுவரில் மாட்டப்பட்டன என்பது சரித்திரம்.

இந்தச் சரித்திரத்தில் நம் விஷயத்துக்கு வேண்டிய ஓர் அம்சம் உண்டு. ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பது. அங்கே சித்திரை மாதத்திலும் மாலை வேளையில் கம்பளி தேடும் குளிர். இங்கிலாந்தின் குளிரைச் சொல்லவே வேண்டாம். அந்த இரண்டு இடங்களிலும் ஆடியவர்களின் உள்ளங்கை பெரும்பாலும் உலர்ந்தே இருந்திருக்கும். ஆகையால் பிடியில் எதையும் சுற்றாமல், ஆஷ் மரத்தோடு கருங்காலியைப் பொருத்தி இழைத்து மெருகேற்றிய வெறும் மரக் கியூ அவர்களுக்குச் சௌகரியமாகவே இருந்தது. இன்றுவரை ஸ்னூக்கர் கியூவின் சம்பிரதாயம் அதுதான். அமெரிக்காவில் வளர்ந்த பூல் வேறு வழியில் போயிற்று: அங்கே பிடியின் மேல் சுமார் 12 அங்குல நீளத்துக்கு லினன் நூலோ தோலோ சுற்றுவது வழக்கமாயிற்று. இந்த இரண்டு சம்பிரதாயங்களும் இன்று ஒருசேர நம் கடைகளுக்கும் இணையத்துக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. எது உயர்ந்தது என்று தர்க்கம் பண்ணுவதைக் காட்டிலும், அக்கினி நட்சத்திர காலத்தில் திருக்கோகர்ணத்திலிருந்து கீழராஜவீதி வரை நடந்தாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் ஊரில், கடற்காற்றின் பிசுபிசுப்பு ஓயாத மணமேல்குடிப் பக்கத்தில், எது கைக்கு ஒத்துவரும் என்று யோசிப்பதே பிரயோஜனமானது.

முன்கையும் பின்கையும்

கியூவைப் பிடிக்கும் இரண்டு கைகளுக்கும் வேலை வேறு. மேஜைமேல் ஊன்றும் முன்கை கியூவுக்கு வழிவிடும் கை. அதன் மேல் ஷாஃப்ட் தடையின்றி வழுக்கிப் போக வேண்டும். பின்கை கியூவைச் சுமந்து செலுத்தும் கை. அதில் கியூ வழுக்கவும் கூடாது, ஒட்டவும் கூடாது. முன்கை வியர்த்தால் பரிகாரம் சுலபம்: ஒரு துண்டால் ஷாஃப்டைத் துடைத்துக்கொள்ளலாம், மூன்று விரல் உறையை மாட்டிக்கொள்ளலாம். பின்கை வியர்க்கும்போதுதான் காரியம் சிக்கலாகிறது. ஏனெனில், கையில் இருப்பது நழுவப் பார்க்கிறது என்று தெரிந்த மாத்திரத்தில் மனிதக் கை செய்வது ஒன்றே ஒன்று: இறுக்கிப் பிடிப்பது. அதற்கு யோசனை வேண்டாம். மனம் அறியுமுன் விரல்கள் இறுகிவிடுகின்றன.

இறுக்கிப் பிடித்தால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். கியூவின் டிப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம், ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒன்றிரண்டு கூறுதான். அந்த அற்ப நேரத்தில் கை இறுகுவதால் பந்துக்குப் புதிதாக எந்தப் பலமும் சேர்ந்துவிடாது. ஆனால் அடிக்குமுன், கியூ முன்னே வந்துகொண்டிருக்கும்போதே, விரல்கள் இறுகினால் மணிக்கட்டு திரும்புகிறது. மணிக்கட்டு திரும்பினால் கியூவின் பின்முனை ஒரு பக்கம் சாய்கிறது. அதன் முன்முனை மறுபக்கம் விலகுகிறது. வெள்ளைப் பந்தின் திசை ஒரே ஒரு டிகிரி பிசகினால், இரண்டு மீட்டர் தூரம் உருண்டபின் அந்தப் பிசகு 35 மில்லிமீட்டராக வளர்ந்திருக்கும். பூல் பந்தின் குறுக்களவு 57 மில்லிமீட்டர் சொச்சம். அதாவது பந்தின் நடுவுக்குக் குறிவைத்த கோடு அதன் விளிம்பையும் தாண்டிப் போய்விடக்கூடிய அளவில் ஒரு தவறு, விரல்கள் சற்றே இறுகியதால் மட்டும் நேர்ந்துவிடுகிறது. கண் சரியாகப் பார்த்தது, கணக்கு சரியாக இருந்தது, ஆனாலும் பந்து விழவில்லை என்று மனம் சோர்கிறவர்களில் பலருக்கு நோய் பின்கையில் இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே நல்ல கைப்பிடி எது என்பதற்கு என்னிடம் உள்ள இலக்கணம் இதுதான்: வியர்வையிலும் தளர்வாகப் பிடிக்கலாம் என்ற நம்பிக்கையைக் கைக்குத் தருவது எதுவோ, அதுவே நல்ல பிடி. நூலா தோலா என்ற கேள்வியும், எப்படிப் பிடிப்பது என்ற கேள்வியும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

கஞ்சிரா பிடிக்கும் கை

தளர்வாகப் பிடிப்பது என்றால் என்னவென்று வாயால் சொல்லி விளக்குவது சிரமம். நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லும்போது நான் கஞ்சிராவைக் காட்டுவது வழக்கம். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த பெருமை புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளைக்கு உரியது. அவருடைய சிஷ்யர் தக்ஷிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் பெற்ற கியாதியால் புதுக்கோட்டை வழி என்றே ஒரு பாணி லய உலகத்தில் நிலைத்துவிட்டது. கஞ்சிரா வாசிப்பவரைப் பார்க்கும் கூட்டம் அடிக்கும் கையைத்தான் பார்க்கும்; விஷயம் தெரிந்தவர் மற்றக் கையையும் பார்ப்பார். பலாமர வளையத்தைத் தாங்கியிருக்கும் அந்தக் கை, வாத்தியத்தை விழாமல் சுமப்பதோடு நிற்காமல், விரல்நுனிகளால் தோலின் ஓரத்தை அழுத்தியும் விட்டும் நாதத்தை ஏற்றி இறக்குகிறது. வளையத்தை முரட்டுத்தனமாக இறுக்கிப் பிடித்தால் விரல்களுக்கு அந்தச் சுதந்திரம் போய்விடும். தளர விட்டால் வாத்தியம் ஆடும். சுமக்கும் பலமும் உணரும் நுட்பமும் ஒரே கையில் ஒரே சமயத்தில் இருக்க வேண்டும். கியூவைப் பற்றும் பின்கைக்கு வேண்டிய லாகவமும் இதேதான்.

கியூ விஷயத்தில் இந்த லாகவம் இரண்டு முறைகளில் கைகூடுகிறது. முதல் முறையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றும் ஒரு தொட்டில்போல் கியூவைத் தாங்குகின்றன. மோதிர விரலும் சுண்டுவிரலும் சும்மா தொட்டுக்கொண்டிருக்கின்றன. உள்ளங்கைக்கும் கியூவுக்கும் இடையில் காற்றுப் போகும் இடைவெளி இருக்கிறது. பூல் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் பயில்வது இது. இரண்டாவது முறையில் நான்கு விரல்களும் கியூவைச் சுற்றி வளைகின்றன. கியூவைப் பின்னே இழுக்கும்போது பின் விரல்கள் தாமாகத் திறந்துகொள்ளும், முன்னே செலுத்தும்போது மறுபடி மூடிக்கொள்ளும். ஸ்னூக்கர்க்காரர்கள் பலரிடம் இதைப் பார்க்கலாம். முதல் முறையில் உள்ளங்கை கியூவைத் தொடுவது குறைவு என்பதால் வியர்வையின் உபத்திரவமும் குறைவு. இரண்டாவது முறையில் தொடும் பரப்பு அதிகம், ஆகையால் சுற்றியிருக்கும் பொருள் எது என்பது மிக முக்கியமாகிவிடுகிறது. தாங்கள் எந்த முறைக்காரர் என்று தெரியாமல் கைப்பிடியைத் தேர்ந்தெடுப்பது வீண்.

எந்த இடத்தில் பிடிப்பது என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். குனிந்து குறிபார்த்து டிப்பைப் பந்துக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தும்போது, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள கை, கொத்தனாரின் தூக்குக்குண்டு நூல்போல் செங்குத்தாகத் தொங்க வேண்டும். அந்த நிலையில் கை எங்கே விழுகிறதோ அங்கேதான் பிடி. உயரமானவருக்கு அது பின்னால் தள்ளி இருக்கும். குட்டையானவருக்கு முன்னால் வரும். சில பேருக்கு அந்த இடம், நூல் சுற்றிய 12 அங்குலத்தையும் தாண்டிப் பின்னால் உள்ள மெருகு மரத்தில் போய் விழுவதுண்டு. அப்படிப்பட்டவர் விலையுயர்ந்த தோல் சுற்றிய கியூவை வாங்கிவிட்டு, தோலைத் தொடாமலே ஆயுள் முழுக்க ஆடிக்கொண்டிருப்பார்! வாங்குமுன் இதை ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது.

நூல்

லினன் என்பது ஆளிச் செடியின் தண்டு நாரிலிருந்து நூற்கும் நூல். கியூ உலகத்தில் ஐரிஷ் லினன் என்ற பெயருக்கு ஒரு தனி மதிப்பு. இந்த நூலுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனாலும் நனைந்தால் வலு குறைவதற்குப் பதில் கூடும். வியர்க்கும் கைக்கு இதைவிட அனுகூலமான குணம் வேறென்ன வேண்டும்?

இதைச் சுற்றும் விதத்தைப் பார்ப்பதே ஓர் ஆனந்தம். கியூவின் பின்பாகத்தில் நூலின் கனத்துக்கு ஏற்ப மெல்லிய பள்ளம் கடைந்து, பசை தடவி, கடைசல் யந்திரத்தில் மெதுவாகச் சுழல விடுகிறார்கள். சுற்றுகிறவர் நூலை ஒரு கையால் விறைப்பாகப் பிடித்து, முந்தின இழையை ஒட்டி அடுத்த இழை படியும்படி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமலும் நடுவே மரம் தெரியாமலும் நடத்திக்கொண்டே போகிறார். முடிவு நெருங்கும்போது வேறொரு சிறு நூலை மடித்துக் கண்ணியாக வைத்து, அதன் மேல் கடைசிச் சில சுற்றுகளைச் சுற்றி, நூலின் முனையைக் கண்ணியில் நுழைத்து இழுத்துவிடுகிறார். முனை சுற்றுகளுக்கு அடியில் போய் மறைந்துவிடுகிறது, முடிச்சு என்பதே கிடையாது. பிறகு நூல் பரப்பை அழுத்தித் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அவ்வாறு அழுத்திய லினன், கைக்கு மரத்தைப் போல் வழவழப்பாகவும், வியர்த்தால் துணியைப் போல் பற்றுதலாகவும் இருக்கும். அழுத்தாத லினனில் இழைகளின் வரிவடிவம் விரலுக்குத் தெரியும். அது சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு உறுத்தும். நூல் என்ற பெயரில் நைலான் சுற்றிய கியூவும் வருகிறது. அது நெடுநாள் உழைக்கும், ஆனால் வியர்வையை உறிஞ்சாது. விற்பவரிடம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

லினனின் குறை, நாள்பட்டால் அழுக்கேறிக் கறுப்பதும், இழை பிசிர் எழும்புவதும். பிசிரைக் கண்ணாடிக் குப்பியின் வழவழப்பான பக்கத்தால் அழுத்தித் தேய்த்தால் படிந்துவிடும். மிகவும் அழுக்கானால் பிரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக்கொள்ளலாம் என்பதும் ஒரு சௌகரியமே.

தோல்

தோல் சுற்றிய பிடியின் ஸ்பரிசம் உயர்ந்தது. லினனைவிட மெத்தென்று இருக்கும், கை குளிர்ந்திருந்தாலும் வியர்த்தாலும் ஒரே மாதிரியான பற்றுதலைத் தரும். திண்டுக்கல், ஈரோடு, திருச்சி, ஆம்பூர் என்று தோல் பதனிடும் ஊர்கள் நிறைந்த மாகாணத்தில் வாழும் நமக்கு, தோலில் ஆயிரம் ஜாதி உண்டு என்பது தெரிந்ததே. ஆவாரம்பட்டை முதலிய மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட ஆட்டுத்தோல் ஈரத்தை ஓரளவு உள்வாங்கும். மேலே பளபளப்பாகப் பூச்சுப் பூசிய தோல் ஈரத்தை மேலேயே நிறுத்தி வழுக்கும். நம் ஊர்க் கைக்கு முன்னதே சிறந்தது.

இங்கே ஒரு தர்ம விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். விலையுயர்ந்த கியூக்களில் பல்லி இனத்துத் தோல் சுற்றுவது ஓர் ஆடம்பரமாக வழங்கிவருகிறது. இணையத்தில் அத்தகைய கியூவைப் பார்த்து மயங்குகிறவர்கள் உண்டு. கஞ்சிராவுக்கும் பரம்பரையாகப் போர்த்திவந்தது உடும்புத் தோல்தான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உடும்பு நம் தேசத்தில் உச்ச பாதுகாப்புப் பெற்ற பிராணி; அதைப் பிடிப்பதும் அதன் தோலை விற்பதும் குற்றம். லய வித்வான்களே ஆட்டுத்தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் மாறிக்கொண்டு நாதத்தைக் காப்பாற்றிக்கொள்ளும்போது, வெறும் அலங்காரத்துக்காக ஒரு பிராணியின் தோலை நம் கியூவில் சுற்றிக்கொள்வதற்கு எந்த நியாயமும் கிடையாது. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் கைக்கு எல்லா வேலையையும் செய்யும்.

தோலுக்கு நம் ஊரில் உள்ள சத்துரு மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் பைக்குள்ளேயே அடைத்துவைத்த கியூவின் தோலில் பூஞ்சணம் பூப்பது சகஜம். ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சற்றுக் காற்றாட வைத்தபின் பையில் போடுவதும், எப்போதாவது தோலுக்கான களிம்பைக் கொஞ்சமாகத் தடவுவதும் போதும்.

ரப்பரும் வெறும் மரமும்

ரப்பர் உறை வியர்வையிலும் நழுவாது. அந்த ஒரு குணமே அதன் தோஷமும்கூட. கை ஒரு தரம் எங்கே பதிந்ததோ அங்கேயே ஒட்டிக்கொள்வதால், குனிந்தபின் பிடியை நூலிழை அளவு திருத்திக்கொள்ள முடியாது. விரல்கள் திறந்து மூடும் முறைக்கும் அது ஒத்துவராது. பலமாக அடித்து ஆட்டத்தைத் திறக்கும் பிரேக் கியூவுக்கு அது பொருத்தம். மென்மையாகத் தள்ளவேண்டிய ஆட்டத்துக்கு நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

வெறும் மரத்தைப் பற்றி மக்களிடம் ஒரு தப்பெண்ணம் உண்டு. கிளப்பின் பொதுக் கியூவைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மரம் கையில் ஒட்டுகிறது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒட்டுவது மரமல்ல, அதன் மேல் கெட்டியாகப் பூசிய வார்னிஷ். வார்னிஷ் ஈரத்தை உள்ளே விடாது. வியர்வை அதன் மேல் படலமாக நின்று, முதலில் வழுக்கி, பாதி உலர்ந்ததும் பசைபோல் பிடித்துக்கொள்கிறது. ஆளிவிதை எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்து ஊறவைத்து மெருகேற்றிய மரம் இவ்வாறு செய்வதில்லை. மரத்தின் நயம் விரலுக்கு அப்படியே தெரியும். குறைவாக வியர்க்கும் கை உடையவருக்கும், மூன்று விரலால் தாங்கும் முறைக்காரருக்கும், அடிக்கடி துண்டால் துடைத்துக்கொள்ளும் பொறுமை உள்ளவருக்கும் எண்ணெய் மெருகு ஏற்றிய வெறும் மரம் உத்தமமான தேர்வு.

வாங்குமுன்

கியூவைக் குளிரூட்டிய அறையில் பரீட்சித்து வாங்குவதில் ஒரு மோசம் இருக்கிறது. அங்கே எல்லாப் பிடியும் நன்றாகவே இருக்கும். திருச்சிக்கோ சென்னைக்கோ போய்க் கடையில் வாங்குகிறவர், வெயிலில் சற்று நடந்துவிட்டு, கையைத் துடைக்காமல் கியூவை எடுத்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் அனுமதித்தால் உள்ளங்கையை லேசாக ஈரமாக்கிக்கொண்டு பார்ப்பது இன்னும் உத்தமம். மூன்று விரல்களால் தொங்கவிட்டபடி மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நழுவிவிடும் என்ற பயத்தில் சுண்டுவிரல் தானாக இறுகுகிறதா என்று கவனியுங்கள். இறுகினால் அந்தப் பிடி, எத்தனை அழகானதாயினும், எத்தனை விலையுள்ளதாயினும், உங்களுக்கு உரியதல்ல. பிறகு நூலோ தோலோ முடியும் விளிம்பை விரலால் தடவுங்கள். மரத்தோடு சமமாக இருக்க வேண்டும், படியாகத் தட்டக் கூடாது. தோலானால் அதன் மூட்டு எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், அதற்குமுன் நண்பர்களின் கியூக்களைக் கேட்டு வாங்கி, ஆட்டத்தின் நடுவில், கை நன்றாக வியர்த்திருக்கும் நேரத்தில் ஆடிப் பாருங்கள்.

சர்வதேச பூல் விதிகள் கியூவின் நீளம் 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, எடை 25 அவுன்ஸுக்கு மேற்படக் கூடாது என்று வரையறுத்திருக்கின்றன. பின்கை பற்றும் இடத்தில் எதைச் சுற்றிக்கொள்வது என்பதை ஆடுகிறவரின் சௌகரியத்துக்கு விட்டுவிட்டார்கள். அந்தச் சுதந்திரத்தை நிறத்துக்கும் ஆடம்பரத்துக்கும் செலவழித்துவிடாமல் கைக்குச் செலவழிப்பது விவேகம்.

முடிவாக என் சிபாரிசைக் கேட்டால், புதுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ பொன்னமராவதியிலோ இருந்து முதல் கியூ வாங்குகிறவருக்கு, அழுத்திய லினன் சுற்றியதையே சொல்வேன்: வியர்வையைத் தாங்கும், விலை மட்டானது, பழுதானால் மாற்றிக்கொள்ளலாம். நான்கு விரலும் வளைத்துப் பிடிக்கிறவர், கை தாராளமாக வியர்க்கிறவர், பட்டைச்சாற்றில் பதனிட்ட ஆட்டுத்தோலுக்குப் போகலாம். ஸ்னூக்கரில் பழகி வந்தவர் எண்ணெய் மெருகு மரத்தை விடவேண்டியதில்லை. எதை வாங்கினாலும், முதல் சில வாரங்கள் பந்து விழுகிறதா இல்லையா என்று பாராமல், அடித்து முடித்த கணத்தில் விரல்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை மட்டும் பார்த்து அப்பியாசம் செய்யுங்கள். விரல்கள் இறுகாமல் இருக்கப் பழகிவிட்டால், குறி தானே நேராகும்.